எண், மின்னஞ்சல், இருப்பிடம்: உங்கள் தரவைக் கோக்கும் நூலை அறுப்பது எப்படி?

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார். அந்தப் பட்டியலில் பெயர் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத மூன்று துணுக்குகள் சேர்ந்ததும் ஓர் ஆளாகிவிடுகின்றன.

தனியுரிமையில் அக்கறை கொண்டவர்கள் பெரும்பாலும் எதையெல்லாம் மறைக்கலாம் என்றுதான் தொடங்குவார்கள். எல்லாவற்றையும் மறைக்கப் போய் இரண்டே வாரத்தில் அலுத்து விட்டுவிடுவார்கள். நீங்கள் தேடியது, வாங்கியது, போன இடம் எல்லாம் சிதறிய மணிகள். அவற்றைக் கோக்கும் நூல் சிலவே. உங்கள் தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, போனிலுள்ள விளம்பர அடையாள எண், இருப்பிடம், உலாவியின் சாயல் ஆகிய ஐந்தும்தான் அவை. மணிகளைப் பொறுக்குவதை விட்டு நூலை அறுத்தால் வேலை பாதியாகக் குறையும். கீழே எளிதானது முதலில் வருகிறது; நூல்களை மேலே சொன்ன வரிசையில் அல்ல.

பட்டிகளின் பெயர்கள் ஆங்கில அமைப்பில் போனில் தெரிகிறபடியே தரப்பட்டுள்ளன. போன் நிறுவனத்துக்கு நிறுவனம் அவை கொஞ்சம் இடம் மாறியிருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள்.

விளம்பர அடையாள எண்

ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் விளம்பரத்துக்கென்றே ஒரு நீளமான எண் இருக்கிறது. ஒரு விளையாட்டுச் செயலியும் ஒரு வானிலைச் செயலியும் தனித்தனி நிறுவனங்களுடையவை. ஆனால் இரண்டும் ஒரே எண்ணை வெளியே அனுப்பினால், இரண்டையும் வைத்திருப்பவர் ஒருவரே என்று, மக்களின் தரவைத் திரட்டி விற்கும் தரவுத் தரகருக்குத் தெரிந்துவிடும். செயலியை எழுதியவருக்கே இது தெரியாமல் நடக்கலாம். விளம்பரம் காட்டவும் பயன்பாட்டை அளக்கவும் அவர் சேர்த்த அயல் நிறுவன நிரல் துண்டு, அதாவது எஸ்டிகே, எண்ணைத் தானே எடுத்து அனுப்பிவிடும்.

ஆண்ட்ராய்டில்: செட்டிங்ஸ் > பிரைவசி > ஆட்ஸ் > டிலீட் அட்வர்டைசிங் ஐடி. சில போன்களில் இது செட்டிங்ஸ் > கூகுள் என்பதற்குள் இருக்கும். அங்கே ‘ரீசெட்’, ‘டிலீட்’ என இரண்டும் தெரியும். ரீசெட் செய்தால் புது எண் ஒன்று பிறக்கும். அதே போனில் அதே மின்னஞ்சலோடு லாகின் செய்திருந்தால் பழையதையும் புதியதையும் ஒட்டிவிட அதிக நேரம் ஆகாது. அதனால் டிலீட்தான் சரி. அதன்பின் எண்ணைக் கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும்.

ஐபோனில்: செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > டிராக்கிங் என்று போய் ‘அலவ் ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்’ என்பதை அணைத்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து, வேறு நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர ஒரு செயலி அனுமதி கேட்டே ஆக வேண்டும். இதை அணைத்தால் கேட்காமலே மறுப்பு பதிவாகும். அதே பட்டியலின் அடியில் ‘ஆப்பிள் அட்வர்டைசிங்’ என்று ஒன்று உண்டு. அடுத்தவனைக் கண்டிக்கும் நிறுவனத்துக்கும் சொந்த விளம்பரம் இருக்கிறது; அதையும் அணையுங்கள்.

இதனால் எந்தச் செயலியும் பழுதாகாது. விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறையாது, உங்களுக்குப் பொருத்தமில்லாதவையாக மாறும், அவ்வளவே. ஒரு வரம்பு உண்டு: எந்தச் செயலியில் எண்ணோ மின்னஞ்சலோ கொடுத்து லாகின் செய்திருக்கிறீர்களோ, அந்தச் செயலிக்கு விளம்பர எண் தேவையே இல்லை.

இருப்பிடம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ஐந்தில் மிகவும் ஆபத்தானது இதுதான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் கைபேசி நகர்வுத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். நேரமும் இடமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரிக்க முடிந்தது. யோசித்தால் வியப்பில்லை. இரவு இரண்டு மணிக்கு போன் இருக்கும் இடம் வீடு, பகல் பதினொன்றுக்கு இருக்கும் இடம் வேலை. இந்த இரண்டும் பொருந்தும் ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதற்கு மேல் மருத்துவமனை, வழிபாட்டிடம், வழக்கறிஞர் அலுவலகம் என ஒவ்வொன்றும் நீங்கள் வாய் திறந்து சொல்லாத ஒன்றைச் சொல்லும்.

முதலில் அனுமதிகள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் > லொகேஷன் > ஆப் லொகேஷன் பெர்மிஷன்ஸ். ஐபோனில் செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > லொகேஷன் சர்வீசஸ். ‘அலவ்டு ஆல் த டைம்’ அல்லது ‘ஆல்வேஸ்’ என்று இருக்கும் செயலிகளை முதலில் பாருங்கள். தொலைந்த போனைத் தேடும் சேவை, குடும்பத்தாரோடு இருப்பிடம் பகிரும் செயலி, உடற்பயிற்சிக் கருவி தவிர வேறு எதற்கும் அந்தத் தகுதி கிடையாது. மீதியை ‘ஒன்லி வைல் யூசிங்’ என்று மாற்றுங்கள்.

அடுத்து துல்லியம். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இடத்தைத் தருவதா, தோராயமானதைத் தருவதா என்று நீங்களே முடிவு செய்யலாம். ‘பிரிசைஸ் லொகேஷன்’ என்ற அந்தப் பொத்தானை வானிலை, செய்தி, கடைச் செயலிகளுக்கு அணைத்துவிடுங்கள். மழை வருமா என்று சொல்ல உங்கள் தெருவின் பெயர் வேண்டாம். வழிகாட்டும் வரைபடத்துக்கும் வாடகை வண்டிக்கும் அது அவசியம். அணைத்துவிட்டால் வண்டி இரண்டு தெரு தள்ளி நின்று உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

பலரும் தவறவிடுவது வருடல், அதாவது ‘ஸ்கேனிங்’. ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் சுற்றியுள்ள வைஃபை, புளூடூத் கருவிகளின் பெயர்களை வைத்து இடத்தைக் கணிக்க முடியும். ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்த பின்னும் இந்த வருடல் பின்னணியில் ஓடலாம். செட்டிங்ஸ் > லொகேஷன் > லொகேஷன் சர்வீசஸ் என்பதற்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’, ‘புளூடூத் ஸ்கேனிங்’ இரண்டையும் அணையுங்கள். கட்டடத்துக்குள் இடம் காட்டுவது கொஞ்சம் மந்தமாகும்.

பிறகு, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வரலாறு. கூகுள் கணக்கில் ‘டைம்லைன்’ என்ற இருப்பிட வரலாற்றை அணைத்தால் போதும் என்று நெடுங்காலம் பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற வேறொரு அமைப்பின் வழியாகவும் இருப்பிடம் பதிவானது 2018இல் அம்பலமானது; 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது. எனவே அணைப்பதென்றால் இரண்டையும் அணையுங்கள். எங்கே என்பது கீழே கூகுள் கணக்குப் பகுதியில் வருகிறது.

கடைசியாகப் புகைப்படம். கேமரா ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பை எழுதுகிறது: நேரம், கேமரா மாடல், அனுமதி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை. 2012இல் தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது வெளியே தெரிந்தது இப்படித்தான். அவரோடு எடுத்த படத்தை ஒரு பத்திரிகை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டது. கேமரா செயலியின் அமைப்புகளில் ‘லொகேஷன் டேக்ஸ்’ அல்லது ‘சேவ் லொகேஷன்’ என்பதை அணையுங்கள். ஐபோனில் லொகேஷன் சர்வீசஸ் பட்டியலில் கேமராவுக்கு ‘நெவர்’ கொடுங்கள். இது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டுமே. பழைய படத்தை அனுப்பும்போது ஐபோனில் பகிரும் திரையின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு லொகேஷனை நீக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு களையப்பட்டுவிடும். தரம் குறையக் கூடாதென்று அதையே ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் குறிப்பு முழுதாகப் போய்ச் சேரும். பொருள் விற்கும் தளங்களில் வீட்டுக்குள் எடுத்த படத்தை ஏற்றுபவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஓடுவது, மிதிவண்டி ஓட்டுவது போன்றவற்றைப் பதியும் செயலிகளில் பாதை வரைபடம் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவத் தளங்களின் உள் பாதைகள் வெளிச்சமாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. அத்தகைய செயலிகளில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இருக்கும். அதை இயக்கி, பதிவுகள் யாருக்குத் தெரியும் என்பதையும் ‘எவ்ரியொன்’ என்பதிலிருந்து மாற்றுங்கள்.

செயலி அனுமதிகள்

போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்டு விளம்பரம் காட்டுகிறது என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. 2018இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கை இயக்கி ஒலியை அனுப்பிய செயலி எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் சில செயலிகள் பயனர் திரையில் செய்வதைப் பதிவெடுத்து வெளியே அனுப்பியதைக் கண்டார்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய செய்தி. நீங்களும் நண்பரும் ஒரே வைஃபையில் இருந்தீர்கள், அவர் காலணியைத் தேடினார், உங்களுக்குக் காலணி விளம்பரம் வருகிறது.

மைக், கேமரா விஷயத்தில் ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் திரையின் மேல்பகுதியில் பச்சை அல்லது ஆரஞ்சுப் புள்ளி எரிந்து காட்டிக்கொடுக்கும். கவனம் வைக்க வேண்டியவை வேறு:

காண்டாக்ட்ஸ். இதைக் கொடுத்தால் போவது உங்கள் தரவு மட்டுமல்ல, நூற்றுக்கணக்கானவர்களின் எண். நீங்கள் ‘டாக்டர்’, ‘வக்கீல்’ என்று சேமித்த பட்டப்பெயர்களும் சேர்ந்து போகும். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் வளர்ந்ததே இப்படித்தான். அவசரக் கடன் தரும் செயலி இதைக் கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். தவணை தவறினால் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்தவே அந்தப் பட்டியல் பயன்பட்டிருக்கிறது. ஐஓஎஸ் 18இல் எல்லோரையும் தராமல் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் தரலாம்.

எஸ்எம்எஸ். குறுஞ்செய்தியைப் படிக்கும் செயலி ஓடிபியையும் படிக்கும். குறுஞ்செய்தி அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட செயலி தவிர மற்றவற்றுக்கு மறுத்துவிட்டு, ஓடிபியைக் கையால் தட்டுங்கள்.

ஆக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதி இது. திரையில் இருப்பதையெல்லாம் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் இதற்கு முடியும். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீங்கு நிரல்களின் விருப்பமான வாசல் இது. செட்டிங்ஸ் > ஆக்சஸிபிலிட்டி சென்று, நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத ஏதேனும் அங்கே இயங்குகிறதா என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் முதலில் அதை அணைத்து, பிறகு செயலியை நீக்குங்கள். சிலவற்றை அணைக்காமல் நீக்க முடியாது.

புகைப்படங்கள். ஒரு படத்தை ஏற்றுவதற்காக முழு கேலரியையும் திறந்துவிட வேண்டியதில்லை. ‘செலக்ட் போட்டோஸ்’ அல்லது ‘லிமிடெட் ஆக்சஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றையெல்லாம் விடச் சுருக்கமான வழி, பயன்படுத்தாத செயலியை வைத்துக்கொள்ளாமல் இருப்பது. ஒரு தளத்தை உலாவியிலேயே திறக்க முடியும் என்றால் அதன் செயலி எதற்கு? உலாவியில் அதற்கு உங்கள் தொடர்புகளோ அருகிலுள்ள கருவிகளோ தெரியாது. செயலியை நிறுவினால் தள்ளுபடி என்று தூண்டுவது பெரும்பாலும் அதற்காகத்தான்.

உலாவி

குக்கி என்பது ஒரு தளம் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. அதை 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் லூ மொண்டுல்லி உருவாக்கியபோது நோக்கம் எளியது. ஒரு தளம் உங்களை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சிக்கல் வந்தது மூன்றாம் தரப்புக் குக்கிகளால். பத்துத் தளங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், பத்திலும் நீங்கள் பார்த்தது ஒரே பதிவேட்டில் விழும். சஃபாரி 2020 மார்ச் முதல் இவற்றை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கிறது. குரோம் நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் கைவிட்டது. ஆகவே குரோமில் நீங்களே செய்ய வேண்டும்: செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > தேர்டு-பார்ட்டி குக்கீஸ் > பிளாக். ஏதாவது தளத்தில் லாகின் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், பொதுவாகத் திறந்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரு விளம்பரத் தடுப்பான். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் நிறுவுங்கள், ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் அது வேலை செய்யும். குரோமின் புதிய நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) விதிகளுக்குள் அதன் லைட் வடிவம்தான் ஓடும். ஒன்று போதும். இரண்டு மூன்று தடுப்பான்களைப் போட்டால் ஒன்றோடொன்று மோதிப் பக்கங்கள் உடையும். நீட்டிப்பு என்பதே எல்லாத் தளங்களிலும் நீங்கள் பார்ப்பதைப் படிக்கும் அதிகாரம் பெற்ற ஒன்று. அவாஸ்ட் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளும் நீட்டிப்புகளும் திரட்டிய உலாவல் வரலாற்றை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றதற்காக 2024இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. பாதுகாக்க வந்ததே விற்றது. தள்ளுபடிக் கூப்பன் தேடும் நீட்டிப்பு, பின்புலம் மாற்றும் நீட்டிப்பு போன்றவற்றை இன்றே நீக்கலாம்.

குக்கியை அழித்தாலும் உலாவியின் சாயல் மிஞ்சும். திரை அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், படம் வரையும் விதத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு எல்லாம் சேர்ந்து ஒரு கைரேகை ஆகிறது. 2010இல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு நடத்திய சோதனையில் 83.6 சதவீத உலாவிகள் தனித்துத் தெரிந்தன. அந்தச் சோதனை இன்று கவர் யுவர் டிராக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் உலாவியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இங்கே ஒரு முரண்: அரிதான எழுத்துருக்கள், பத்து நீட்டிப்புகள் என்று உலாவியை இழைத்து இழைத்துச் செதுக்குபவர்தான் கூட்டத்தில் எளிதாகப் பிடிபடுகிறார். ஃபயர்பாக்ஸை ‘ஸ்டிரிக்ட்’ நிலையில் வைத்து, மற்றபடி அதைத் தொடாமல் விடுவதே நல்லது. பிரேவ் உலாவி இந்த அளவீடுகளில் சிலவற்றைத் தளத்துக்குத் தளம் மாற்றிச் சொல்கிறது. டார் உலாவி எல்லோரையும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது, அதற்கு விலையாக வேகம் குறையும்.

இன்காக்னிடோ பற்றி இரண்டு வரி போதும். அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாரிடமிருந்து வரலாற்றை மறைக்க அது உதவும். தளமும் இணைய இணைப்பு தருபவரும் உங்களைப் பார்ப்பதை அது தடுக்காது. இது தொடர்பாக 2020இல் தொடரப்பட்ட வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

பகிரும் இணைப்புகளின் வாலையும் கவனியுங்கள். யூட்யூப், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் ‘ஷேர்’ அழுத்திக் கிடைக்கும் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு குறியீட்டு வரிசை இருக்கும். யார் பகிர்ந்து யார் திறந்தார் என்று இணைக்க அது உதவும். அனுப்பும் முன் கேள்விக்குறியிலிருந்து இறுதிவரை அழித்துவிடுங்கள். யூட்யூபின் நீண்ட முகவரியில் மட்டும் எச்சரிக்கை: ‘வி’ என்ற எழுத்தும் சமக்குறியும் தாங்கிய பகுதிதான் காணொளியின் அடையாளம், அதை அழித்தால் இணைப்பு செத்துவிடும்.

கூகுள், மெட்டா கணக்குகள்

கூகுள் கணக்கு > டேட்டா அண்ட் பிரைவசி பக்கத்தில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’, ‘டைம்லைன்’, ‘யூட்யூப் ஹிஸ்டரி’ மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். மூன்றையும் அணைப்பது கடினம் என்றால் ‘ஆட்டோ டிலீட்’ வசதியில் 3 மாதம் என்று வையுங்கள். 3, 18, 36 மாதம் என்ற தெரிவுகள் உண்டு. 2020 ஜூனுக்குப் பின் தொடங்கிய கணக்குகளில் செயல்பாட்டு வரலாற்றுக்கு 18 மாதம் தானாகவே அமைந்திருக்கும். அதற்கு முந்தைய கணக்குகளில் நீங்கள் தொட்டிருக்காவிட்டால் முதல் நாளிலிருந்து எல்லாம் அப்படியே இருக்கலாம். அணைப்பது இனிமேல் சேர்வதை மட்டும்தான் நிறுத்தும். சேர்ந்ததை ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்திலும், டைம்லைனை மேப்ஸ் செயலியிலும் தனியாக அழிக்க வேண்டும். யூட்யூப் வரலாற்றை அழித்தால் பரிந்துரைகள் வெறுமையாகும். சிலருக்கு அது வரமாகவே அமைகிறது.

அதே பகுதியில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலும் இருக்கிறது. என்றோ ஒரு நாள் வினாடி வினா ஆட ‘சைன் இன் வித் கூகுள்’ அழுத்தியது இன்றும் உயிரோடு இருக்கும். வேண்டாததற்குத் தொடர்பைத் துண்டியுங்கள். இந்த வாசல் எவ்வளவு பெரிது என்பதற்கு, தேர்தல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகாவின் விவகாரமே சான்று. ஃபேஸ்புக்கில் ஒரு ஆளுமை வினாடி வினாவை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக எடுக்கப்பட்டது 8.7 கோடி பேர் வரையிலான தரவு என்று ஃபேஸ்புக்கே 2018இல் சொன்னது.

மெட்டாவில் தேட வேண்டியது: அக்கவுண்ட்ஸ் சென்டர் > யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ் > யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ். ஃபேஸ்புக்குக்கு வெளியே எந்தெந்தக் கடைகளும் செயலிகளும் உங்களைப் பற்றித் தகவல் அனுப்பின என்ற பட்டியலை அங்கே காணலாம். பார்த்ததும் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். ‘கிளியர் பிரீவியஸ் ஆக்டிவிட்டி’ பழையதைத் துண்டிக்கும், ‘டிஸ்கனெக்ட் ஃபியூச்சர் ஆக்டிவிட்டி’ இனி வருவதை. இரண்டாவதை அழுத்தும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: ஃபேஸ்புக் கணக்கால் லாகின் செய்யும் தளங்களில் அந்த வழி அடைபடும். முதலில் அந்தத் தளங்களில் தனிக் கடவுச்சொல் அமைத்துவிட்டு வாருங்கள்.

எண்ணும் மின்னஞ்சலும்

விளம்பர எண்ணையும் குக்கியையும் எல்லோரும் முடக்கத் தொடங்கிய பின், தொழில் இந்த இரண்டின் பக்கம் திரும்பியது. ஒரு கடை தன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல், எண் பட்டியலைக் குறிமாற்றி விளம்பரத் தளத்தில் ஏற்றும். தளம் தன் பயனர் பட்டியலையும் அதே முறையில் குறிமாற்றி, பொருந்துபவர்களைக் கண்டுபிடிக்கும். பெயரைப் பகிரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆளைப் பிடித்தாயிற்று.

பாதுகாப்புக்காகக் கொடுத்த எண்ணும் இதற்குத் தப்பவில்லை. இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கெனப் பெற்ற எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022இல் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், ஓடிபியைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியை வைத்துவிட்டு, கணக்கிலிருந்து எண்ணை நீக்குங்கள். சிம்மை ஏமாற்றிக் கைப்பற்றும் மோசடிக்கும் அது ஒரு தடை. நீக்கும் முன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், இல்லையென்றால் போன் தொலைந்த அன்று கணக்கும் தொலையும்.

மின்னஞ்சலுக்கு மாற்று முகவரிகள். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்க்கலாம் என்ற உத்தி பிரபலம். யார் முகவரியைக் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும், மறைக்க உதவாது. கூட்டல் குறிக்குப் பின்னுள்ளதை வெட்டியெறிய ஒரு வரி நிரல் போதும். உண்மையான மறைப்பு வேண்டுமென்றால் ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில், ஃபயர்பாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் போன்றவை ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி தந்து, வரும் அஞ்சலை உங்கள் பெட்டிக்குத் திருப்பிவிடும். தொல்லை வந்தால் அந்த ஒன்றை மட்டும் அணைக்கலாம். கடைகள், செய்திமடல்கள், ஒருமுறை மட்டும் பார்க்கும் தளங்களுக்கு இது சரி. வங்கி, அரசு, மருத்துவம் சார்ந்த கணக்குகளுக்கு வேண்டாம்: இடையிலுள்ள சேவை நின்றால் கடவுச்சொல்லை மீட்கும் வழியே போய்விடும்.

அஞ்சலுக்குள்ளும் ஒற்றன் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம், நீங்கள் திறந்த கணத்தில் அனுப்பியவருக்குச் செய்தி சொல்லும். ஜிமெயிலில் செட்டிங்ஸ் > இமேஜஸ் > ‘ஆஸ்க் பிஃபோர் டிஸ்பிளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது நிற்கும். ஆப்பிள் மெயிலில் ‘புரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி’.

உரையாடல் செயலிகள்

வாட்ஸ்அப் 2016 முதல் முழுமையான மறையாக்கம் கொண்டது, செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனம் படிக்க முடியாது. யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது அதற்குத் தெரியும். பெரிய ஓட்டை காப்புப் பிரதியில் இருக்கிறது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் பிரதிக்கு அந்த முழுமையான மறையாக்கத்தை நீங்களாக இயக்க வேண்டும்: செட்டிங்ஸ் > சாட்ஸ் > சாட் பேக்கப் > எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். ஒரு கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்கும். அது தொலைந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. நீங்கள் இயக்கியிருந்தாலும் எதிரில் இருப்பவர் இயக்காவிட்டால் அதே உரையாடல் அவர் பக்கம் திறந்தே கிடக்கும்.

டெலிகிராமை மிகப் பாதுகாப்பானது என்று நம்புபவர்கள் அதிகம். அதன் சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வரில் அது படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கின்றன. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியே தொடங்கியவை மட்டுமே விலக்கு. குறைந்தபட்சத் தடயம் வேண்டுமென்றால் சிக்னல். 2016இல் நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி இரண்டைத் தவிர கொடுப்பதற்கு அதனிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

விபிஎன், டிஎன்எஸ், தொலைக்காட்சி

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் சேவை. அது உங்களை மறைப்பதில்லை. நம்பிக்கையை இணைய நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு இடம் மாற்றுகிறது. பொது வைஃபையில் அதற்குப் பயன் உண்டு. இலவச விபிஎன்னைத் தவிருங்கள். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்புச் செயலி என்ற பெயரில், மக்கள் வேறெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி உண்டு. க்வாட்9 போன்ற சேவை தன் தளத்தில் தரும் பெயரை அதில் இட்டால், நீங்கள் தேடும் தள முகவரிகள் வழியில் மறையாக்கத்தோடு போகும். விடுதி, விமான நிலைய வைஃபையில் லாகின் பக்கம் வராவிட்டால் இதைத் தற்காலிகமாக ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள்.

ஸ்மார்ட் டிவியில் ஏசிஆர் என்ற தொழில்நுட்பம் திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு அனுப்புகிறது. விஜியோ 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து நொடிக்கு நொடி இப்படித் திரட்டியதற்காக 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. டிவியின் அமைப்புகளில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன்’, ‘லைவ் பிளஸ்’ போன்ற பெயர்களில் இருப்பதை அணையுங்கள்.

கேட்டுப் பெறுவதும் அழிப்பதும்

பழைய கணக்குகள்தான் கசிவுக்குக் காத்திருப்பவை. இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய ஹாவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் மின்னஞ்சலை இட்டால் எந்தக் கசிவுகளில் அது சிக்கியது என்று காட்டும். அந்தப் பட்டியலே, நீங்கள் மறந்துபோன கணக்குகளின் பட்டியலும் ஆகும்.

செயலியை நீக்குவதும் கணக்கை அழிப்பதும் வேறு வேறு. செயலி போனாலும் தரவு சர்வரில் இருக்கும். வரிசை இப்படி:

1. தரவின் நகலைப் பதிவிறக்குங்கள். கூகுளில் அது ‘டேக்அவுட்’, மற்றவற்றில் ‘டவுன்லோட் யுவர் டேட்டா’ என்பது போல இருக்கும். பெரிய கணக்கென்றால் கோப்பு தயாராகச் சில நாள் ஆகலாம்.
2. அட்டை விவரம், முகவரி, எண், படம் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து நீக்குங்கள் அல்லது வெறுமையாக்குங்கள்.
3. கணக்கை அழிக்கக் கோருங்கள். ‘டீஆக்டிவேட்’ என்பது தூங்க வைப்பது மட்டுமே. ‘டிலீட்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.
4. அதன் பின்னரே செயலியை நீக்குங்கள்.

பொத்தான் எதுவும் இல்லாத நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அதன் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். கடிதத்தில் மூன்று கேள்விகள் போதும்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள். கணக்கில் பதிந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். அடையாளச் சான்றின் நகலைக் கேட்டால், தேவையற்ற எண்களை மறைத்து, எதற்காகத் தருகிறீர்கள் என்று படத்தின் மேலேயே எழுதித் தாருங்கள். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். தரவுச் சட்டம் உள்ள வேறு நாடுகளிலும் இதுபோன்ற உரிமைகள் உண்டு. எந்தச் சட்டப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் குறிப்பிட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்கு அழிப்புக் கோரிக்கைக்குப் பின் 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் ஒருமுறை லாகின் செய்து கணக்கை மீட்டால் கோரிக்கை ரத்தாகும். பழைய டேப்லெட், அலுவலகக் கணினி, அந்தக் கணக்கால் நுழையும் விளையாட்டுச் செயலி எல்லாவற்றிலிருந்தும் முன்கூட்டியே வெளியேறி, எதிர்பாராமல் லாகின் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாள் முடிந்தபின்னும் சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க மொத்தம் 90 நாள் வரை ஆகலாம்.